கையெழுத்து போட வேண்டிய இடம்

"நீங்க யாரு?" நர்ஸ் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"அப்பாதாங்க." பெயிண்டரின் முழங்கையில் பச்சைப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்ததும் சாரத்திலிருந்து இறங்கி, போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தான்.

"ஸ்கூல் கார்டுல வேற பேரு இருக்கே?"

"அது பெத்தவரு பேருங்க. ஒன்றரை வயசுலேர்ந்து வளக்குறது நான்தான்."

"உங்க கையெழுத்து செல்லாதுங்க. குடல்வால் வெடிக்கிற நிலைமையில இருக்கு, உடனே ஆபரேஷன் பண்ணணும். பெத்தவரை வரச் சொல்லுங்க."

அவன் மனைவி போய்ச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகிறது. ஆறரை வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், அவள் போன மறுமாதமே பிள்ளை எனக்குத்தான் என்று வழக்குப் போட்டுவிட்டார். வருகிற திங்கட்கிழமை தீர்ப்பு. 'புள்ள உங்ககிட்ட இருக்கிறதுதான் நம்ம பலம்' என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த மனிதரைத் தன் வாயாலேயே கூப்பிடுவதா? உள்ளே கட்டிலில், வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கிய மகள் சத்தமே இல்லாமல் சுருண்டு கிடந்தாள். கூப்பிட்டான்.

அரை மணியில் வந்தவர், பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. கவுண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார்.

"எனக்கு இந்தப் புள்ள மேல உரிமை வேண்டாம்னு எழுதிக் குடு."

"மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார், உங்க கால்ல விழுறேன். கேஸை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறமெல்லாம் வேண்டாம். நீ எழுது, நானும் போடுறேன்."

உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. அந்தப் பாவி மனுஷன் பேனா மூடியைக்கூடக் கழற்றித்தான் கொடுத்தார். பெயிண்டர் எழுதினான். தாள் ஓரத்தில் அவன் பெருவிரல் பச்சையாகப் பதிந்தது.

"இதுக்கு மட்டும் என் கையெழுத்து செல்லுமா சார்?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகுதான் ஆஸ்பத்திரிப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பயப்பட ஒண்ணுமில்ல. முழிச்சதுலேர்ந்து அப்பா, அப்பாங்குறா. அப்பா மட்டும் உள்ள வாங்க."

இருவரும் எழுந்தார்கள். வாட்ச்மேன் படிவத்தைப் பார்த்துவிட்டு அவரை உள்ளே விட்டான். பெயிண்டருக்குக் குறுக்கே கையை நீட்டினான். பெயிண்டரின் கையில் மகளுடைய பள்ளிக்கூட ஷூ ஜோடி இருந்தது.

கதவு சாத்துவதற்குள் வறண்ட சின்னக் குரல் ஒன்று வெளியே கேட்டது.

"நீங்க யாரு?"