கீழறைக்கு ஒரு முன்பதிவு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை ஒரு சனிக்கிழமை இரவுக்கு என் பெயரில், என் கைபேசியில் முன்பதிவு செய்தேன். போய்த் தங்கியது நான் இல்லை. அந்த வீட்டின் சொந்தக்காரி.

அவள் பெயர் ஜோவிதா. காலாப்பட்டில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். காலையில் ஒரே பேருந்தில் போய், சாயங்காலம் ஒரே பேருந்தில் திரும்புகிறோம். நான் கதை எழுதுகிறவள் என்று அவளுக்குத் தெரியும். "இத நீ எழுதிக்க நிர்மலா. ஆனா புரியற மாதிரி எழுது, எனக்கே புரியல" என்றாள்.

எனக்கும் புரியவில்லை. அந்த நிலையில்தான் தொடங்குகிறேன்.

எழுதி அடித்த முதல் வரிகள்:

குருசுக்குப்பத்தில் ஒரு வீடு இருந்தது. வீட்டுக்காரர்களைத் தவிர எல்லோரும் அதில் தூங்கினார்கள். [நன்றாக இருக்கிறது. தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது. வேண்டாம்.]

கடன் வாங்கியவன் வீட்டில் [கட்டுரையாகிவிடும்.]

கிறிஸ்துதாஸ் ஒரு கஞ்சன். [முதல் படியில் இதுதான் இருந்தது. பிறகு அவரை நேரில் பார்த்தேன். அதற்கப்புறம் இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.]

2

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கிறிஸ்துதாஸ் ஜோவிதாவின் கணவர். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு தூரத்து உறவினர் தன் பழைய வீட்டை விற்கிறார் என்று தெரிந்ததும், வங்கியில் கடன் வாங்கி அதை வாங்கினார். கீழே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. மாடியில் தகரம் போட்ட ஓர் அறை.

குடிவந்த மறுமாதமே மாதத் தவணை மூச்சை முட்டியது. கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சனி ஞாயிறு என்றால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். கீழ்த்தளத்தை விருந்தினர்களுக்கு விட்டுவிட்டு நாம் மாடிக்குப் போய்விடலாம் என்றார் கிறிஸ்துதாஸ். "கொஞ்ச நாளைக்குத்தான் ஜோவி."

அந்தக் கொஞ்ச நாள் தொடங்கியபோது மகள் அகஸ்டினா ஆறாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ.

[ஜோவிதாவை "அவள்" என்றும் கிறிஸ்துதாஸை "அவர்" என்றும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் என் தோழி, அவர் தோழியின் கணவர். வேறு காரணம் இல்லை என்று நம்புகிறேன்.]

மாடி வாழ்க்கை எப்படி என்று பேருந்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாள். கோடையில் தகரத்தின் மேல் சாக்கை நனைத்துப் போடுவார்கள். விருந்தினர்கள் விட்டுப்போன சோப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டிக் குளிப்பார்கள். காலை உணவில் மீந்த ரொட்டி அன்று மாலை உப்புமாவாகும். மீனை உச்சி வெயிலுக்கு அப்புறம், விலை இறங்கின பிறகுதான் வாங்குவார்கள். வாசல் கேட் விருந்தினர்களுக்கு. இவர்களுக்குப் பக்கச் சந்தில் இரும்புப் படி. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி மகளுக்கு மட்டும்.

இதையெல்லாம் அவள் வருத்தமாகச் சொன்னதில்லை. ஏதோ சாமர்த்தியத்தைச் சொல்வதுபோல்தான் சொல்வாள். அதனால் நானும் சிரித்துக்கொண்டு கேட்பேன். இப்போது யோசித்தால், எங்கே சிரிக்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

3

சம்பள அரியர்ஸ் வந்த மாதம், பேருந்து கோட்டக்குப்பம் தாண்டும்போது கேட்டாள்.

"உன் போன்ல எங்க வீட்ட புக் பண்ணித் தர்றியா? காசு நான் குடுத்துடறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். அந்த ரூம்ல ஒரு ராத்திரி படுக்கணும்."

நான் அவளைப் பார்த்தேன். வாரநாளில் பாதி நாள் கீழே காலியாகத்தானே கிடக்கிறது, போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன்.

"ஒருவாட்டி கேட்டேன். படுத்தா பெட்ஷீட் தோய்க்கணும், ஏசி கரண்டு ஆவும், அடுத்த நாளே யாராச்சும் புக் பண்ணா என்னா பண்றதுன்னாரு. தப்பா ஒண்ணும் சொல்லல. கணக்குப் பாத்தா அவரு சொல்றது சரி. அதான் காசு குடுத்துப் படுக்கறேன். அப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

"அந்தக் காசும் உங்க வீட்டுக் காசுதான? நடுவுல ஆப்காரனுக்குக் கமிஷன் வேற போவும்."

"போவட்டும்" என்றாள். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

(இந்த இடத்தில் ஓர் எழுத்தாளர், ஜோவிதாவின் மனத்தில் என்ன ஓடியது என்று ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் பழிவாங்குகிறாள். ஒன்றில் ஆசைப்படுகிறாள். இன்னொன்றில் வெறுமனே களைத்திருக்கிறாள். மூன்றையும் படித்துக் காட்டினேன். "மூணும் இல்ல. ஆனா மூணாவது பரவால்ல" என்றாள்.)

பதிவு செய்தேன். சிறிது நேரத்தில் வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. எத்தனை பேர் மேடம்? ஒருவர் என்று அனுப்பினேன். சைவமா, அசைவமா? ஜோவிதா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அசைவம்னு போடு. கெஸ்டுக்கு ரெண்டு முட்ட வெப்பாரு."

4

அந்தச் சனிக்கிழமை அரியாங்குப்பத்தில் சித்தி வீட்டுக்குப் போய் ஒரு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, ஒரு பையோடு காலையிலேயே கிளம்பினாள் ஜோவிதா. மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். கடற்கரையில் நடந்தாள். மதியம் சாப்பிடவில்லை, பசிக்கவில்லையாம்.

கிறிஸ்துதாஸுக்கு அன்று அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து தரை துடைத்து, வெள்ளை விரிப்பு மாற்றி, துண்டை வாத்து மாதிரி மடித்துக் கட்டில்மேல் வைத்தார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தை அது. வாசலில் பூத்த செம்பருத்தி ஒன்றைப் பறித்து வாத்தின் பக்கத்தில் வைத்தார்.

இரண்டு மணிக்கு அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்துகொண்டே, முகம் பார்க்கும் முன்பே, "போன்ழூர்" என்றார்.*

ஜோவிதா நின்றிருந்தாள்.

"நீ எங்க இங்க? சித்தி வீட்டுக்குப் போவல? கெஸ்ட் வர நேரம் ஜோவி, சந்து வழியா மேல போ."

"நான்தான் கெஸ்ட்" என்று அவள் கைபேசியை நீட்டினாள். நான் அனுப்பியிருந்த பதிவுச் சீட்டு அதில் இருந்தது.

அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "கமிஷன் போச்சே."

"போச்சு."

அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "ஆதார் கார்டு வேணுமா?" என்றாள்.

"வேணும்" என்றார்.

கொடுத்தாள். அவர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்து முகவரியைப் பார்த்தார். அதே வீட்டின் முகவரி.

"உள்ளூர் அட்ரஸுக்கு நாங்க ரூம் தர்றதில்ல" என்றார்.

"காசு கட்டியாச்சு."

அவர் சாவியைக் கொடுத்தார். "ரிமோட்டு டிராயர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பக்கச் சந்து வழியாக மாடிக்குப் போனார்.

* பிரெஞ்சில் வணக்கம். பெங்களூர்க்காரர்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருந்தார். வேறு பிரெஞ்சு அவருக்குத் தெரியாது, "மெர்சி" தவிர.

5

கதை இங்கே என் கையை விட்டுப் போகிறது.

உள்ளூர் முகவரிக்கு அறை தருவதில்லை என்று அவர் சொன்னது கோபமா, விளையாட்டா? கோபம் என்றால் இது ஒரு கதை. விளையாட்டு என்றால் வேறு கதை. ஜோவிதாவைக் கேட்டேன். "மொகத்தப் பாத்தேன். தெரியல" என்றாள். பதினெட்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளுக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் மேட்டுப்பாளையத்துக்கே போனேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் டீக்கடையில் என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

"புக்கிங்ல இருந்த நிர்மலாதேவி நீங்கதானா" என்றார். "வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு இப்ப சொல்லலாம் மேடம். அப்ப என்ன நெனச்சேன்னு சத்தியமா தெரியல. அவளுக்குக் கதவு தொறந்து விட்டது அதுதான் மொதல் தடவ. எப்பவும் சந்து வழியா வருவா."

ஏன் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். தொழிற்பேட்டைப் பக்கம் கையைக் காட்டினார். "எங்க லைன்ல பாதி மெஷின் நிக்குது. கம்பெனிய என்னிக்கு மூடுவான்னு தெரியாது. அவன் மூடறதுக்குள்ள நான் வீட்ட மீட்டுடணும். இது அவளுக்கும் தெரியும்."

தெரியும்தான். அவளும் அதை மறுக்கவில்லை.

கஞ்சன் என்ற வரியை அன்றைக்குத்தான் அடித்தேன். அந்த இடத்தில் வேறு சொல் போட வேண்டும். இன்னும் காலியாக இருக்கிறது: கிறிஸ்துதாஸ் ஒரு

6

கீழே ஜோவிதா ஏசியைப் போட்டுக்கொண்டு படுத்தாள். குளிர்ந்தது, போர்வையை இழுத்துப் போர்த்தினாள். தூக்கம் வரவில்லை. வாத்தைக் கலைக்க மனமில்லாமல், முகம் கழுவிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரத்தில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அகஸ்டினா டியூஷனிலிருந்து வந்துவிட்டாள். அடுத்து, பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் குரல் கேட்டது.

"அம்மா அரியாங்குப்பத்துலேர்ந்து போன் பண்ணாங்களாப்பா?"

"இல்ல. அம்மா கீழ இருக்கா."

"கீழயா? கெஸ்ட் வரலயா?"

"அம்மாதான் கெஸ்ட்."

ஜோவிதா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மேலே பேசுவது மொத்தமும் கீழே கேட்கிறது. அப்படியென்றால் இத்தனை வருடமும் கேட்டிருக்கிறது. தவணை கட்டப் பணம் பற்றாத மாதத்தில் அவர்கள் போட்ட சண்டை, அகஸ்டினாவின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் இல்லை என்று சொன்னது, அதற்கு மகள் அழுதது, எல்லாவற்றையும் முன்பின் தெரியாத யார் யாரோ இதே கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். தமிழ் தெரியாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ண முயன்றாளாம். எண்ண முடியவில்லை.

அந்த நேரத்தில் மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலில் மகள் சிரித்தாள். அப்புறம் அவரும் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார்கள்.

"அப்ப நானும் கீழ போறேன்ப்பா."

"ஒரு ஆளுக்குத்தான் புக்கிங்."

மறுபடியும் சிரிப்பு. கொஞ்சம் கழித்து அவர் குரல், முன்னைவிடத் தாழ்ந்து: "மெதுவா பேசு. நாற்காலிய இழுக்காத. அவ தூங்கட்டும்."

மாடியில் இருக்கும்போது தினமும் கேட்கிற வார்த்தைதான். 'மெதுவா பேசு, கெஸ்ட் இருக்காங்க.' அதைக் கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு அழுகை வந்தது. அவர்கள் தன்னை நினைத்துச் சிரித்ததற்கா, தன் தூக்கத்துக்காகக் குரலைத் தாழ்த்தியதற்கா, அந்நியர்கள் கேட்டுப் போனதற்கா என்று கேட்டேன்.

"நீ ஒண்ணொண்ணா பிரிக்கற. எனக்கு அப்டி வரல" என்றாள்.

[பிரித்துக் கேட்டது ஆசிரியரின் தவறு. திருத்தவில்லை.]

7

காலையில் கதவு தட்டப்பட்டது. தட்டில் ரொட்டி, வெண்ணெய், காபி, ரெண்டு முட்டை ஆம்லெட். கிறிஸ்துதாஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"தூங்கினியா?"

"இல்ல. உட்காருங்க, பாதி சாப்டுங்க."

"கெஸ்டோட சேந்து நாங்க சாப்பிடறதில்ல" என்றார். ஆனால் போகவில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை கதவருகிலேயே நின்றிருந்தார்.

"மேல பேசறதெல்லாம் இங்க கேக்குது, தெரியுமா?"

"தெரியும்" என்றார். "பைப்பு ரிப்பேருக்கு வந்தப்ப ஒரு நா கேட்டுச்சு. சொன்னா நீ வாயே தொறக்க மாட்ட. அதான் சொல்லல."

பதினொன்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அவள் பத்தரைக்கே விரிப்பை உருவி, தானே கொண்டுபோய்த் தோய்த்தாள். பிறகு மூன்று பேரும் மாதா கோயில் பூசைக்குப் போனார்கள். இந்த இரவைப் பற்றி இதுவரை வீட்டில் யாரும் பேசவில்லை. மாடியில்தான் வாழ்கிறார்கள். தவணை போய்க்கொண்டிருக்கிறது.

8

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் கம்பெனி மூடுகிறது. ஒன்றில் கடன் அடைந்து, மூவரும் கீழே இறங்கி வருகிறார்கள். அங்கே யாருக்கும் தூக்கம் வரவில்லை. இன்னொன்றில் ஜோவிதா அடுத்த அரியர்ஸுக்குக் காத்திருக்கிறாள். எல்லாம் நடக்கக்கூடியவை. எதையும் நம்பி எழுத முடியவில்லை.

போன வாரம் ஏதோ யோசனையில் செயலியைத் திறந்து அந்த வீட்டின் பக்கத்தைப் பார்த்தேன். புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்தத் தேதியில் அறை இல்லை என்று பொருள். ஊரில் வாடகை மும்மடங்காகும் வாரம் அது. யாரோ முந்திக்கொண்டு பதிவு செய்திருக்கலாம், அதுதான் இயல்பு. இல்லை, கிறிஸ்துதாஸே அந்தத் தேதியைத் தங்களுக்கென்று மூடி வைத்திருக்கலாம். இரண்டுக்கும் செயலியில் ஒரே நிறம்.

மறுநாள் பேருந்தில் ஜோவிதாவிடம் காட்டினேன்.

"நானும் பாத்தேன்" என்றாள்.

"அவரக் கேட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா சொல்லிடுவாரு."

நானும் கேட்கவில்லை. அவர் எண் என்னிடம் இருக்கிறது. இந்தக் கதையை முடிக்க ஓர் அழைப்பு போதும். வாசகருக்கு அவசரம் என்றால், புதுச்சேரிக்கு வந்து அந்தச் சனிக்கிழமை குருசுக்குப்பம் பக்கம் நடந்து பார்க்கலாம். கீழ்த்தளத்தில் விளக்கு எரியும். யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.