ஊதா இருநூறு, ஆரஞ்சு முந்நூறு

பாடகர் கூ ஹான்சொல்லுக்கு கொரியாவில் எங்கள் ஊரான வோன்ஜுவில் இருக்கும் ரசிகர் மன்றத்துக்கு அம்மாதான் தலைவி. ஆண்டுதோறும் அவர் பெயரில் ஏதாவது தருமம் செய்வார்கள். இந்த முறை குன்றின் மேலிருக்கும் இருபது வீடுகளுக்குக் கரி உருளைகள். அங்கே குளிர்காலத்தில் இன்னும் கரி அடுப்புதான் வீட்டுத் தரையைச் சூடாக்குகிறது. சனிக்கிழமை இரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி என்றது வானிலைச் செய்தி. தேவை மூவாயிரம் உருளை. வியாழக்கிழமை காலை வரை சேர்ந்தது எண்ணூறு.

மன்றத்தின் இன்ஸ்டாகிராம் பக்கம் என் பொறுப்பு. பள்ளியை விட்டதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன். ஆட்களிடம் பேச வராது, படம் செய்ய வரும். அன்று புதிதாக ஒன்று செய்தேன். நடுவில் கனன்று எரியும் கரி; சுற்றிலும் அதே கனல் நிறத்தில் பெரிய ஆரஞ்சு இதயம். அழகாக இருந்தது. போட்டுவிட்டேன்.

ஐந்தே நிமிடத்தில் அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அடிப்பாவி! நம்ம ஆளோட நிறம் என்னடி?"

"ஊதா..."

"இது என்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆரஞ்சு, மா தோயங் ரசிகர்களின் நிறம். பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் எங்கள் கூவைத் தோற்கடித்தவர். அன்றிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு துண்டுகூட எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததில்லை.

"உடனே எடு!"

போனைத் திறந்தேன். படத்தின் கீழே கருத்துகள் கொட்டிக்கொண்டிருந்தன.

'ஊதாக்காரங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு!' என்று எழுதியிருந்தாள் ஆரஞ்சு மன்றத் தலைவி பியோன் ஓக்ஜா. 'எங்க நிறத்த எடுத்துக்கிட்டீங்க. பாவம், எங்க கரியையும் எடுத்துக்கோங்க. நூறு உருளை!'

அம்மாவின் முகம் சிவந்தது. "அவ யாருடி பாவம் பாக்க? எம்பேர்ல இருநூறு போடு!"

போட்டேன். "ஆரஞ்சு முந்நூறு!" என்று உடனே வந்தது பதில்.

"அம்மா, இத எடுக்க வேண்டாம்" என்றேன். அம்மா திகைத்து என்னைப் பார்த்தாள். அவளை மறுத்து நான் பேசியதே இல்லை.

படத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஊதா, மறு பாதி ஆரஞ்சு. கீழே எழுதினேன்: 'இன்று மாலை ஆறு மணிக்குள் குன்றுக்கு அதிகக் கரி அனுப்புவது யார்? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரம்.'

அவ்வளவுதான், ஊரே கிளம்பிவிட்டது. அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் பூசியபடியே ஒருத்தி ஐம்பது உருளைக்குப் பணம் அனுப்பினாள். புசானிலிருந்து ஓர் அக்கா, "ஊதாவ விட்டுக் குடுத்துடாதீங்கடி!" என்று குரல் செய்தியில் கத்தினாள். அம்மா அடுப்பில் வைத்த குழம்பு அடிப்பிடித்தது. நாங்கள் இருவருமே எழுந்து போகவில்லை. மூன்று மணிக்கு மூவாயிரத்தைத் தாண்டியபோது நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். ஆறு மணிக்கு ஏழாயிரத்து நாற்பது. ஆரஞ்சு இருபது உருளை வித்தியாசத்தில் முந்தியிருந்தது. அம்மா அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை குன்றுப் பாதையில் ஊதாச் சட்டையும் ஆரஞ்சுச் சட்டையும் வரிசையாக நின்று உருளைகளைக் கைமாற்றின. நடுவில் அம்மாவும் ஓக்ஜாவும்.

"மெதுவா குடு, ஒடஞ்சிரும்."

"ஒனக்குக் கையில வலு இல்லன்னு சொல்லு!"

கடைசி வீட்டுத் தாத்தா வாசலுக்கு ஓடிவந்தார். கொட்டகை நிறைந்து, சுவரோரம் நிறைந்து, திண்ணை வரைக்கும் கரி ஏறியிருந்தது.

"போதும்மா! நான் செருப்பு வைக்கவாவது எடம் விடுங்க!"

"இன்னும் பத்தே பத்து, தாத்தா" என்றாள் ஓக்ஜா.

"எங்களோடது பதினொண்ணு" என்றாள் அம்மா.