நான்சியின் குரலை எழுதிப் பார்த்தது

1

இந்தக் கதை எனக்கு மில் பஸ்ஸில் கிடைத்தது. வேடசந்தூர் ரோட்டில் பஸ் பஞ்சராகி நின்றது. என்ஜின் அடங்கிய பிறகும் உள்ளே இருந்த பெண்கள் கத்தித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் மெதுவாகப் பேசினாள். அவள் சொன்னதுதான் எல்லோருக்கும் கேட்டது. அவளுக்கு நான்சி என்று பெயர் வைத்தேன்.

(நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் பேசுகிறவர்களை விட மாட்டேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: நான்சியின் குரல் தேன் போல...

பொய். தொண்ணூற்றெட்டாம் வருஷத்தில் அவள் குரல் சாக்கைத் தரையில் இழுத்ததுபோல இருந்தது. ஸ்பின்னிங் மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிடவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். பஞ்சுத் தூசி வேறு.

அவளுக்கு ஓர் ஆசை. மாதா கோயில் ஞாயிறு பூசையில் ஒருவர் மைக்கில் மன்றாட்டு, அதாவது மற்றவர்களுக்கான வேண்டுதல், வாசிப்பார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூட்டம் பதில் சொல்லும். விவசாயிகளுக்கு, மாணவர்களுக்கு, நோயாளிகளுக்கு எல்லாம் மன்றாட்டு உண்டு. மில் பெண்களுக்கு இல்லை. தானே மைக்கில் வாசிக்க வேண்டும் என்று அவளே ஒன்று எழுதினாள். யார் வாசிப்பது என்று முடிவு செய்யும் அல்போன்சா டீச்சரும் சரி என்றார்.

3

அவள் செய்த தப்பை மறைத்துவிடலாம் என்று பார்த்தேன். மறைத்தால் கதை நிற்கவில்லை.

வெட்கத்தில், யாருக்கும் கேட்காத இடத்தில் வாசித்துப் பழகினாள்: மில்லுக்குள், ஓடுகிற மெஷினுக்கு முன்னால். தன் குரல் தன் காதில் விழும்வரை உயர்த்தினாள். அதுதான் சரியான அளவு என்று பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே அளவில் வாயைத் திறந்தாள். மைக் வீறிட்டது. கைக்குழந்தைகள் அழுதன. யாரும் பதில் சொல்லவில்லை.

"ஏம்மா, மன்றாடச் சொன்னா சண்டைக்கா போவ?" என்றார் டீச்சர் வாசலில்.

"இன்னொரு தடவ தாங்க டீச்சர்."

"திருவிழாப் பூசையில தாரேன். அன்னிக்கும் இப்படின்னா, அப்புறம் எங்கிட்டக் கேக்கக் கூடாது."

மறுநாள் டீ நேரத்தில் மாயம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாடிக்கொம்புப் பக்கத்துப் பூ விவசாயி வீட்டுப் பெண். அடுத்த மெஷின் அவளுடையது.

"ஏண்டி, ஒங்க சாமிக்குக் காது மந்தமா?"

"சிரிக்காதடி. திருவிழாவுக்குள்ள கொரல மாத்தணும்."

"அப்பக் கத்துறத விடு. கையக் காட்டு, வாரேன்."

4

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். செத்த நேரம்தான்.)

இரண்டு விரலை உயர்த்தினால் நூல் அறுந்துவிட்டது. தலையில் கை வைத்தால் மேஸ்திரி வருகிறார். இப்படியே மில்லுக்குள் கத்துவது நின்றது. நான்சி மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டினாள். அவ்வப்போது ஒரு மடக்குத் தண்ணீர். தொண்டை அரித்தால் செருமாமல் எச்சிலை விழுங்கினாள். காலையில் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தாள். நெஞ்சில் கை வைத்தால் அதிர்ந்தது. கொட்டாவி விட்ட கையோடு பேசினால் குரல் கழுத்தை நெரிக்காமல் இறங்கி வருகிறது. இது அவளாகவே கண்டுபிடித்தது.

ஷிப்ட் முடிந்ததும் வேப்பமரத்தடியில் நின்று வாசிப்பாள். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்து மாயம்மாள் கேட்பாள்.

"இம்புட்டு வேணாம்டி!"

"இப்ப?"

"இப்ப முணுமுணுக்குற. நடுவுல நில்லு."

நடுவில் நிற்க ஒரு மாதம் ஆனது. ஒருநாள் மாயம்மாள் சொன்னாள்: "ம். இனி ஒங்க சாமி பயப்படாமக் கேக்கும்."

எனக்குப் பெருமை இதில்தான். பிறக்கும்போது வந்த குரல் இல்லை அது. அவளே செய்துகொண்டது.

5

முடிவு ஒன்று: திருவிழா அன்று கரண்ட் போய்விட, நான்சி தன் மில் குரலால் கோயில் முழுக்க...

அடித்துவிட்டேன். அவ்வளவு பாடுபட்டுக் குரலை இறக்கியவளுக்கு மைக் வேலை செய்தே ஆக வேண்டும்.

முடிவு இரண்டு: டீச்சர் கண்ணீர் மல்க ஓடிவந்து...

சே. அவர் ஓடுகிற ஆளே இல்லை.

ஆகவே, மைக் வேலை செய்கிறது. கோயில் நிறைந்திருக்கிறது. கடைசி வரிசையில் மாயம்மாள், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. நான்சி மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று மூச்சை இழுக்கிறாள்.

இதற்கு மேல் தாளில் சத்தம் வர மாட்டேன் என்கிறது. வார்த்தைகளை மட்டும் தருகிறேன். கண்ணால் படித்துவிட்டுப் போகாதீர்கள். வாய்விட்டு வாசியுங்கள். கூட்டம் பதில் சொன்னதா என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

"மெஷின் இரைச்சலில் நாளெல்லாம் நிற்கும் எங்கள் பெண்களுக்காக. அவர்கள் பேசும்போது கேட்க ஆள் இருக்க வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."