ரன்னுக்கு ஓர் உதாரணம்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளோ அத்தனை உதாரண வாக்கியம் எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. மாமா, தம்பி என்று உறவு மட்டும். தலைமை ஆசிரியரான பெரியவர் கையெழுத்துப் போட்ட பிறகு வாக்கியத்தை எடுக்க முடியாது. எடுத்தால் பின்னால் வரும் பக்கங்களெல்லாம் நகர்ந்துவிடும். எழுத்துக் கணக்கு மாறாமல் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு போய் மறுபடி கையெழுத்து வாங்கலாம்.

துணையாசிரியையின் தலையில் விழுந்த ஆங்கிலச் சொல் 'ரன்'. ஆள் ஓடினால் ரன், குழாயில் தண்ணீர் ஓடினால் ரன், துணியில் சாயம் பரவினாலும் ரன்.

"எலெக்‌ஷன்ல நிக்கிறதும் ரன்தானாம்மா? நின்னா எப்படிம்மா ஓட முடியும்?" என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர். அவருக்கு வாய்த்த சொல் 'ஸ்லிப்'.

யோசிக்கச் சோம்பல்பட்டு அவள் தன் வீட்டாரையே வாக்கியங்களில் போட்டாள். 'அம்மா குழாயை மூட மறந்தாள்' என்ற தாளில் கையெழுத்தானது; அன்று வீட்டுக்குப் போனால் சமையலறை குளமாகக் கிடந்தது. அடுத்து, மாமாவின் வெள்ளைச் சட்டையில் சாயம். அவள் சிரித்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசும் சித்தப்பா, அவள் எழுதியபடியே குடியிருப்போர் சங்கத் தேர்தலில் நிற்பதாக இன்று போனில் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

'ரன் ஓவர்' பொருளுக்கு எழுதி, காலையில் கையெழுத்தான தாளை எடுத்தாள். 'லாரி தம்பி மேல் ஏறியது.'

தம்பி அவளை அழைத்துப் போக பைக்கில் கிளம்பியிருப்பான். அவள் கூப்பிட, அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

மூன்றெழுத்து. அப்பா, அக்கா என்று எதை நினைத்தாலும் ஓர் உயிர். சட்டென்று 'தம்பி'யை அடித்து 'பந்து' என்று எழுதினாள். பெரியவர் அறை கீழ்த்தளத்தில். செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடினாள்.

"பாத்துப் போம்மா, படி கழுவி விட்டிருக்காங்க" என்றார் பக்கத்து மேசைக்காரர். "என் ஸ்லிப்புக்கு உன்னையேதான் போட்டேன். 'அக்கா படியில் வழுக்கினாள்.' கோவிச்சுக்காதே."

"கையெழுத்து ஆயிடுச்சா சார்?"

"காலையிலயே ஆயிடுச்சே."

ஈரப்படிகள் கீழே இருட்டுக்குள் இறங்கின. நின்றால் தம்பி போவான். அவள் மேல்படியில் உட்கார்ந்தாள். தாளை மார்போடு அணைத்து, தவழும் குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக உட்கார்ந்தபடியே இறங்கினாள். புடவை நனைந்தது. யாரோ சிரித்தார்கள்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்து, எழுத்தை எண்ணி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தெருவில் 'டப்' என்று ஒரு சத்தம்.

சற்று நேரத்தில் தம்பி உள்ளே வந்தான். கையில் நசுங்கிய பந்து.

"ஏங்க்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? எங்கிருந்தோ இது உருண்டு வந்துச்சு. சடன் பிரேக் போட்டேன். எனக்கு விரல்கடை தூரத்துல லாரி போச்சு. வா, போகலாம். உன் பையும் செருப்பும் எங்கே?"

"மேலே."

"போய் எடுத்துட்டு வா."

அவள் படிகளைப் பார்த்தாள். அந்த வாக்கியம் இன்னும் நடக்கவில்லை.

"வேண்டாம்டா" என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுக்கு எத்தனை படி?"