நடந்தே போனவர்கள்

எட்டாம் வகுப்பின் மின்விசிறி பெயருக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. சரித்திர ஆசிரியை கரும்பலகையில் ‘அமெரிக்க உள்நாட்டுப் போர் – அடிமைமுறை ஒழிப்பு’ என்று எழுதிவிட்டுத் திரும்பினாள். வருஷா வருஷம் நடத்தும் பாடம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டது, போர் நடக்கும்போதே எதிரிப் பகுதியின் அடிமைகள் இனி சுதந்திர மனிதர்கள் என்று ஜனாதிபதி அறிவித்தது, எல்லாம் மளமளவென்று வந்தன.

வகுப்பே ‘கேள்விமூட்டை’ என்று கூப்பிடும் பெண் கையைத் தூக்கினாள்.

“அறிவிச்ச அன்னிக்கே விட்டுட்டாங்களா மிஸ்?”

“எங்க விட்டாங்க? எஜமானுங்க அதைக் காதுலயே போட்டுக்கல. படை வந்து சேர்ந்த இடத்துலதான் விடுதலை.”

“அதுவரைக்கும் எல்லாரும் காத்துக்கிட்டே இருந்தாங்களா?”

“இல்ல. நெறைய பேர் காத்திருக்கல. படை இருக்கிற பக்கமா நடக்க ஆரம்பிச்சாங்க. போர் முடிஞ்ச பிறகும் நடந்தாங்க. வித்துப் பிரிச்ச பொண்டாட்டிய, புருஷன, புள்ளைங்களத் தேடி, ஊர் ஊரா.”

“கெடச்சாங்களா?”

“சில பேருக்கு” என்றாள். மீதியைப் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

அவள் கணவன் வெளிநாட்டில் ஒரு வீட்டுக்கு வண்டி ஓட்டப் போனவன். ஒப்பந்தம் முடிந்து வெகுகாலம் ஆயிற்று. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் இருந்தது. கேட்டால் அடுத்த மாசம் என்பார். அது வேறு, இது வேறு என்று அவளுக்குத் தெரியும். அவனை யாரும் சந்தையில் விற்கவில்லை, ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை. அவன் குரல் உடையும்போதெல்லாம், “பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க, மாடி கட்டி முடியட்டும்” என்றவள் அவள்தான். மாடி முடிந்து வெள்ளையும் அடித்தாயிற்று. அதன்பிறகும் வேறென்ன சொல்வதென்று தெரியாமல் பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். போன வாரம் போனில் புது அறையைக் காட்டியபோது, “ஜன்னலத் தொற, காத்து வருதான்னு பாக்கணும்” என்றான். திறந்தாள். காற்றைப் போனில் எப்படிக் காட்டுவது? அவன் மட்டும், “நல்லா வருது” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் மாடிப்படியின் கீழே நின்று அவனை அழைத்தாள்.

“என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூட நேரத்துல?”

“வந்துடுங்க.”

“அடுத்த மாசம் தரேன்னு…”

“தர மாட்டார். நம்ம எம்பசி எங்க இருக்குன்னு தெரியுமில்ல? அங்க போயிடுங்க. இப்பவே.”

அவன் பக்கத்தில் எங்கோ தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

“பொறுத்துக்கன்னு நீதான சொன்ன?”

“சொன்னேன். இப்ப வேற சொல்றேன். பயமா இருக்கா?”

“இருக்கு.”

“எனக்கும்தான். போன வைக்காதீங்க, நான் கூடவே இருக்கேன்.”

“வண்டி எடுத்தா சீக்கிரம் போயிடலாம்.”

“வேணாங்க. திருட்டுப் பட்டம் கட்டிடுவாங்க. செருப்ப மாட்டிக்கிட்டு நடந்தே போங்க.”

ஏதோ உரசியது. ஒரு கதவின் தாழ்ப்பாள். பிறகு திடீரென்று ஒரு தெருவின் இரைச்சல் முழுவதும் அவள் காதுக்குள் கொட்டியது. இங்கே மணி அடித்தது. பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு படியேறி ஓடினார்கள். அவள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மறு காதில் போனை அழுத்தி, வண்டிச் சத்தங்களுக்கு நடுவே ஒரு ஜோடிச் செருப்பின் சத்தத்தைப் பிரித்தெடுத்துக் கேட்டபடி நின்றாள்.