நிறைகுடத்துக்கு ஒரு மாத்திரை

1

கற்பனை ஊற்றெடுத்து வந்த கதை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊற வேண்டிய வேறொன்று ஊறாததால் வந்த கதை இது. டாக்டரம்மா என் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முடிவைப் பார்த்தார்.

“தைராய்டு சுரப்பி கிட்டத்தட்ட படுத்தே போச்சும்மா. என்ன வேலை பாக்கறீங்க?”

“கதை எழுதறேன்.”

“இதை வெச்சுக்கிட்டா?”

அந்தச் சுரப்பு குறைந்தால் மூளையும் மந்தமாகுமாம். ஞாபகம் நழுவும், தெரிந்த சொல்கூட நாக்குக்கு வராது. என் கதைகளில் பாதி வாக்கியங்கள் பாதியில் நிற்கும். விமர்சகர்கள் அதற்கு ‘மௌனத்தின் அழகியல்’ என்று பெயர் வைத்து ஒரு விருதும் கொடுத்தார்கள். அழகியலுமில்லை, ஒரு மண்ணுமில்லை. சொல் வரவில்லை, அவ்வளவுதான்.

[டாக்டரம்மா இன்னொரு வரியும் சொன்னார். கதையின் வேகத்தைக் கெடுக்கிறது என்று வெட்டிவிட்டேன்.]

2

எப்படித் தொடங்குவது? டாக்டரம்மா தினமும் போடச் சொன்ன தைராய்டு மாத்திரைக்கு முன் எழுதிய வரைவு இது:

மழை. சன்னல். அவள் அந்த

அந்த என்ன? எனக்கே தெரியாது. பதிப்பாசிரியர் படித்துக் கண்கலங்கினார். மாத்திரைக்குப் பின் எழுதியது இது:

மழை கொட்டிக்கொண்டிருந்தது, சன்னலை ஒழுங்காகச் சாத்தாததால் தரையெல்லாம் ஈரம், அவள் அந்த ஈரத்தைத் துடைக்கச் சொல்லிக் கணவரை மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள், அவரோ வழக்கம்போலக் காதே கேட்காதவர் மாதிரி

[இது பாதியில் நிற்கக் காரணம் வேறு. பக்கம் தீர்ந்துவிட்டது.]

பதிப்பாசிரியர் போன் செய்தார்.

“என்னங்க, இந்தக் கதையில அந்தம்மா பேசிக்கிட்டே இருக்காங்க?”

“இப்பதாங்க அவளுக்கு வார்த்தை வருது.”

“பழைய மாதிரியே எழுதுங்களேன். எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க.”

“அதுக்கு மாத்திரையை நிறுத்தணும்.”

அவர் பதறவில்லை. சற்று யோசித்தார்.

3

கணவர் என்ற பாத்திரம் எனக்குத் தலைவலி. வில்லனாக்கலாம் என்றால் ஒத்துழைக்க மறுக்கிறார். நான் “அந்த...” என்று இழுத்தால் போதும், கரண்டியோ சாவியோ கைக்கு வந்துவிடும். “நீ வாயைத் திறக்கவே வேணாம், எனக்குப் புரியும்” என்பார். இதை நாங்கள் அன்பு என்று நினைத்திருந்தோம். அன்புதான். அதனால்தான் என் வியாதி யார் கண்ணிலும் படவில்லை. நான் தொலைத்த சொல்லையெல்லாம் யாராவது உடனே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

முன்பெல்லாம் என்னைக் காட்டி “நிறைகுடம் தளும்பாது” என்று விருந்தாளிகளிடம் பெருமையடிப்பார். இப்போது “குறைகுடம் கூத்தாடுது” என்கிறார். சிரித்துக்கொண்டேதான்.

4

இந்தக் கதையில் மகளுக்கு இடமில்லை என்று

இல்லை, இருக்கிறது. வெட்டிய வரியைத் திரும்ப ஒட்டுகிறேன். டாக்டரம்மா சொன்னது: “இது சில குடும்பங்கள்ல தொடர்ந்து வரும்மா. பிள்ளைங்க இருந்தா பாத்துக்குங்க. வளர்த்தி நின்னுடும், எப்பவும் குளிருதும்பாங்க.”

வீட்டில் அவளுக்குச் சின்ன நிறைகுடம் என்று பெயர். வகுப்பில் தொந்தரவே கிடையாது என்று டீச்சர் மெச்சுவார். வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். நேற்று அவளுடைய பள்ளிப் பாவாடைக்கு இஸ்திரி போட்டேன். வளர வளரப் பிரித்துவிடலாம் என்று போன வருஷம் உள்ளே மடித்துத் தைத்திருந்தேன். அந்த மடிப்பு அப்படியே இருந்தது. புதுசு தைக்க வேண்டாம், நல்லதாப் போச்சு என்று நாங்கள் சந்தோஷப்பட்டதும் ஞாபகம் வந்தது.

கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது. “அப்பா, அந்த...”

“ரப்பர்தானே? இந்தா, சமர்த்து.”

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன்.

“இவளையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணுங்க.”

“இவளுக்கு என்ன? அப்படியே உன்னை மாதிரிதான் இருக்கா.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

5

முடிவுகள் கைவசம் உண்டு.

அ) மகளுக்கு ஒன்றுமில்லை. இயல்பாகவே அமைதியான பிள்ளை. கணவர் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய்வார்.

ஆ) இருக்கிறது. மாத்திரை போடுகிறாள், வளர்கிறாள், வாயாடுகிறாள். பழைய அமைதிக்கு நாங்கள் ரகசியமாக ஏங்குகிறோம்.

இ) கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது, அதனால் அவள்

இதை எழுத மாட்டேன்.

பரிசோதனை முடிவு நாளைக்குத்தான் வரும். எனவே இன்று காலை ஆய்வகத்தில் நடந்ததோடு நிறுத்திக்கொள்கிறேன். ரத்தம் எடுக்கும் பெண், மகளின் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

“பாப்பா, பெரியவளாகி என்ன ஆகப் போறீங்க?”

“நான் வந்து...”

மகளின் உதடு அசைந்தது. சொல் வரவில்லை. கணவர் வாயெடுத்தார். நான் அவர் கையை அழுத்திப் பிடித்தேன். எனக்கும் நாக்கு நுனியில் ஒரு சொல் துடித்தது, விழுங்கினேன். அந்தப் பெண் ஊசியைக் கையில் வைத்தபடி மகளின் முகத்தையே பார்த்திருந்தாள்.

வாசகரே, உங்களிடமும் ஒரு சொல் தயாராக இருக்கும். டீச்சர், டாக்டர், என்னவோ ஒன்று. தயவுசெய்து எடுத்துக் கொடுக்காதீர்கள். இங்கே நான் நிறுத்துவதைப் பார்த்து யாரும் விருது கொடுக்கவும் வேண்டாம். அவள் தேடிக்கொண்டிருக்கிறாள். எங்களோடு நீங்களும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.