லம்பாம் ஏறும் ஓடை

எண்பத்திரண்டாம் வருச மழைக்காலம். பீடோர் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய நெடுஞ்சாலையோரம் விடியுமுன்பே கடப்பாறைகள் சேற்றில் இறங்கிவிட்டன. இடுப்புயரச் சிமெண்டுக் குழாயை எட்டுப் பேர் நெம்பினார்கள். "ஏலேலோ!" என்று பத்துமலை குரல் கொடுக்க, "ஐலசா!" என்று அவர்கள் தள்ள, குழாய் ஒரு சாண் உருண்டது. அவன் குரல் இல்லாமல் அது அசையாது. இன்றைக்கே ஓடையில் இறக்கியாக வேண்டும் என்று குத்தகைக்காரர் ராமையா பறந்துகொண்டிருந்தார்.

ஏன் பறக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். உடைத்தெடுத்த பழைய குழாய்க்குப் பதிலாகப் பாலமே கட்டலாம், மேலிடத்துக் கடிதம் வரும்வரை பொறுங்கள் என்று ஓடையை அளந்த எஞ்சினியர் சொல்லிப் போயிருந்தார். பாலம் என்றால் ராமையாவின் குழாய்க் குத்தகை போச்சு; அதற்குள் குழாய் இறங்கிவிட்டால் பாலமாவது மண்ணாவது!

பத்துமலைக்கு மனசு கொள்ளவில்லை. பத்து வருசத்துக்கு முன் பழைய குழாயையும் அவன்தான் குரல் கொடுத்து இறக்கினான். ஆழமாகத் தோண்ட யாரும் மெனக்கெடவில்லை; தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வாய் தொங்கியது. முட்டையிட மேலேறி வந்த லம்பாம் மீன்கள் எகிறி எகிறி விழுந்தன. தோட்டத்துச் சனம் கூடை கூடையாக அள்ளியது, திருவிழாதான்! மூன்றாம் வருசம் தோட்டத்து ஓடையில் மீனே இல்லை. இப்போது ரப்பர் விலையும் விழுந்து, லயத்து வீட்டுச் சட்டிகளில் வெறும் புளித்தண்ணீர் கொதிக்கிறது. வழியை அடைத்ததும் நாம், அள்ளித் தின்றதும் நாம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் குழாயும் அதே மேட்டில்தான் உட்காரப்போகிறது.

குழாய் ஓடைக்கரைக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டான்.

"என்னடா, குரல் குடு!" என்றார் ராமையா.

"மாட்டேன் முதலாளி. பாலம் போடுங்க, தொண்டை கிழியக் கத்துறேன்."

"மீனுக்கு எவனாவது பாலம் கட்டுவானா? கிலாவாடா நீ, பைத்தியமா?"

"மீனுக்கில்ல முதலாளி, எங்க சோத்துக்குத்தான்லா," என்றாள் சிமெண்டு சுமக்கும் இருளாயி.

"சன்னாசி, நீ குடுடா குரல்!"

சன்னாசி வீட்டில் ஆறு வாய். கடப்பாறையையே பார்த்துக்கொண்டு நின்றவன், அதை மெல்லக் கீழே வைத்தான். "தொண்டை கட்டிக்கிச்சு முதலாளி."

அடுத்த நொடியே மற்ற ஏழு பேருக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது.

"நாளைக்குப் புந்தோங் டவுன்லேர்ந்து ஒரு லோரி ஆள் எறக்குறேன். உங்க ஒருத்தனுக்கும் வேலை இல்ல!" ராமையா காரில் ஏறிப் போனார்.

மழை பிடித்துக்கொண்டது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. குழாயின் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். பத்துமலை இருளாயி பக்கம் திரும்பினான்.

"லோரி வந்தா என்னக்கா பண்றது?"

"வரட்டும். அவங்களும் தோட்டத்தை விட்டுப்போன நம்ம சனந்தானே? விசயத்தைச் சொல்லுவோம்," என்ற இருளாயி நகர்ந்து உட்கார்ந்தாள். "தள்ளி உட்காருங்கலா. அவங்களுக்கும் எடம் வேணும்."